பேசுவோர் இல்லாத மொழிகள்

ஒரு மொழியைத் தனி மனிதன் ஒருவன் உண்டாக்கிவிட முடியுமா? மொழி என்பது ஒரு மக்கள் கூட்டம் தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பேசிச் சேர்த்த சொத்து என்றே நாம் படித்திருக்கிறோம். ஓர் ஊரார் பேசுவது போல அடுத்த ஊரார் பேசுவதில்லை. பாட்டி பேசியது போலப் பேத்தி பேசுவதில்லை. இத்தனை நெளிவு சுளிவுகளையும் ஓர் அறைக்குள் இருந்துகொண்டு ஒருவர் எழுதிவிட முடியுமா என்று கேட்டால், முடியாது என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனாலும் முயன்றவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரைப் பற்றியும், ஒரு விளையாட்டுடன் சேர்ந்து வெளிவந்த அவரது மொழிகளைப் பற்றியும் இன்று பார்ப்போம். இலக்கியப் பகுதியில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்டால், மொழியை நேசிக்கும் எவரையும் உறுத்தக்கூடிய ஒரு கேள்வி இதற்குள் இருப்பதைக் காண்பீர்கள்.

மொழி ஆக்கும் ஆசை பழையது. 12ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் வாழ்ந்த ஹில்டகார்ட் என்னும் கன்னியர் மடத் தலைவி, ஏறத்தாழ 1000 சொற்கள் கொண்ட ஒரு மறைமொழியை ஆக்கிவைத்தார். இறைவன், வானவர் தொடங்கி மரஞ்செடி, பறவை, பூச்சி வரை அவற்றுக்குப் புதுப்பெயர்கள் இட்டார். அது அவருடைய தனிமையின் மொழி.

1887ஆம் ஆண்டு ஸமென்ஹோஃப் என்னும் கண் வைத்தியர் எஸ்பெராண்டோ என்ற மொழியை வெளியிட்டார். அவர் பிறந்த பியாலிஸ்டொக் நகரில் போலிஷ், ருஷ்யன், ஜேர்மன், யூதரின் இத்திஷ் ஆகிய நான்கு மொழிகளும் பேசப்பட்டன. மொழிக்கு ஒரு தெரு என்ற நிலையில் மக்கள் ஒருவரை ஒருவர் வெறுத்து வாழ்வதைச் சிறுவனாக இருந்தபோதே கண்டவர் அவர். எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழி இருந்தால் இந்தப் பகை தணியும் என்பது அவரது நம்பிக்கை. அது சமாதானத்தின் மொழி. ஸமென்ஹோஃப் ஒரு யூதர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் மீண்டும் வருவோம்.

மூன்றாமவர் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் டோல்கீன். ‘லோட் ஒஃப் த றிங்ஸ்’ என்ற பெருங்கதையை 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டவர். அக்கதையில் வரும் தேவகணத்தார் போன்ற ஓர் இனத்துக்கு அவர் இரண்டு மொழிகளை ஆக்கினார். ஒன்றில் பின்லாந்து மொழியின் சாயலும் மற்றதில் வேல்ஸ் மொழியின் சாயலும் தெரியும். கதைக்காக மொழியை ஆக்கவில்லை, மொழிக்கு ஓர் உலகம் வேண்டுமே என்றுதான் கதையை எழுதினேன் என்ற கருத்தை அவரே பின்னாளில் வெளியிட்டிருக்கிறார். அது கலைஞனின் மொழி.

இனி, விளையாட்டுக்கு வருவோம்.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ‘டன்ஜன்ஸ் அன் ட்ராகன்ஸ்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் இதனை உருவாக்கியவர்கள். இதில் கரம் போலவோ சதுரங்கம் போலவோ காய் நகர்த்தி வெல்வது முக்கியமல்ல. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். “நீங்கள் ஒரு கோட்டை வாசலுக்கு வந்துவிட்டீர்கள், காவலன் வழிமறிக்கிறான், என்ன செய்கிறீர்கள்?” என்று நடத்துபவர் கேட்பார். பாத்திரம் ஏற்றவர் அந்தப் பாத்திரமாகவே பதில் சொல்வார். முயற்சி பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பார்வையாளர் இல்லாத, எழுதிய வசனம் இல்லாத ஒரு நாடகம் இது எனலாம்.

காவலனோடு பேச வேண்டும் என்றால் எந்த மொழியில் பேசுவது? இந்த விளையாட்டின் முதல் விதிநூல் இதற்கு மிக எளிதாக ஒரு வழி செய்தது. மனிதர் பெரும்பாலோருக்கும் தெரிந்த ஒரு ‘பொதுமொழி’ உண்டு என்றது. மற்ற இனங்களுக்குத் தனித்தனி மொழிகள் உண்டு என்றது. அறத்தின் பக்கம் நிற்போருக்கு ஒரு மொழி, குழப்பத்தின் பக்கம் நிற்போருக்கு ஒரு மொழி, நடுவில் நிற்போருக்கு இன்னொரு மொழி என்றும் சொல்லிவைத்தது! 1978ஆம் ஆண்டின் விதிநூலில் திருடருக்கென்று ஒரு தனிப் பேச்சும் வந்து சேர்ந்தது. நமது இலக்கணத்தில் நன்னூலார் குழூஉக்குறி என்று ஒரு வழக்கைச் சொல்வார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள் என்று உரைகாரர் உதாரணம் காட்டுவார்கள். அதே வகைதான் இந்தத் திருடர் பேச்சும்.

ஆனால் இவையெல்லாம் பெயரளவில் மொழிகள். ஒரு சொல்லோ ஓர் இலக்கண விதியோ அவற்றுக்கு இல்லை. ‘எனக்கு அந்த மொழி தெரியும்’ என்று தாளில் எழுதிக்கொண்டால் தெரிந்துவிடும். மேசையில் எல்லோரும் ஆங்கிலத்திலேயே பேசினார்கள்.

இந்த நிலையில்தான் 1975ஆம் ஆண்டு, அதே வெளியீட்டாளரிடமிருந்து ‘எம்பயர் ஒஃப் த பெட்டல் த்றோன்’ என்ற விளையாட்டு வெளிவருகிறது. ‘இதழ் அரியணைப் பேரரசு’ என்று நாம் சொல்லலாம். அதன் ஆசிரியர் எம்.ஏ.ஆர்.பார்க்கர். அவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது கற்பித்த பேராசிரியர்.

பார்க்கர் 1929இல் வொஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் பிறந்தார். இயற்பெயர் பிலிப். சிறுவயதிலேயே பழைய எகிப்து, மாயா நாகரிகங்களில் மோகங்கொண்டு, 1940களிலேயே தமக்கென ஒரு கற்பனை உலகத்தையும் அதன் மொழிகளையும் எழுதத் தொடங்கியவர். 1951இல் புலமைப்பரிசில் பெற்று இந்தியாவுக்கு வந்தார். இஸ்லாத்தைத் தழுவி முகம்மது அப்துல் ரஹ்மான் பார்க்கர் ஆனார். பின்னர் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்றார்.

பேர்க்லி மொழியியற் துறை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பரோவுடன் சேர்ந்து 1961இல் ‘திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி’யை வெளியிட்ட எமனோ அங்கேதான் இருந்தார். நீலகிரியில் தோடரிடமும் கோத்தரிடமும் அமர்ந்து அவர்களது மொழிகளைக் கேட்டெழுதியவர் அவர். அவரும் மேரி ஹாஸ் என்ற அம்மையாரும் சேர்ந்து, அழிந்துகொண்டிருந்த அமெரிக்கப் பூர்விகக் குடிகளின் மொழிகளைப் பதிவுசெய்யும் திட்டம் ஒன்றை 1950களின் ஆரம்பத்தில் தொடங்கினார்கள். மாணவர்களைக் குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியும் கொடுத்து முதியவர்களிடம் அனுப்பினார்கள். அப்படிச் சென்றவர்களுள் பார்க்கரும் ஒருவர். அவர் சென்றது ஒரிகன் மாநிலத்தின் கிளமத் மக்களிடம்.

அது கிளமத் மக்களுக்குக் கேடுகாலம். அமெரிக்கக் காங்கிரஸ் 1954இல் நிறைவேற்றிய ஒரு சட்டம், அவர்கள் ஒரு தனி இனக்குழு என்ற அங்கீகாரத்தையே இல்லாமற் செய்ய வழிவகுத்தது. அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலத்தின் பெரும் பைன் காடுகள் கைமாறின. பாடசாலைகளில் ஏற்கெனவே ஆங்கிலம் மட்டுமே என்ற நிலை வந்து, பிள்ளைகளின் நாவிலிருந்து தாய்மொழி போய்விட்டிருந்தது. அந்த நேரத்தில், இன்னும் அம்மொழியைப் பேசிய முதியவர்களின் அருகில் அமர்ந்து, அவர்கள் சொன்ன கதைகளை ஒலி தவறாமல் எழுதிக்கொண்டவர் பார்க்கர். அவரது கிளமத் கதைத் தொகுப்பும் அகராதியும் 1963இலும், இலக்கணம் 1964இலும் வெளிவந்தன. அம்மொழிக்கு இன்று உள்ள ஆதாரங்களில் தலையாயவை இவை.

பிறகு கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகம் அவருக்கு இடமளித்தது. துணையாசிரியர்களுடன் அவர் தயாரித்த ‘உருதுப் பாடநெறி’ 1967இல் வெளிவந்தது. மேற்கு நாடுகளில் உருது கற்ற பல தலைமுறையினர் அந்தப் பெரிய நூலைப் புரட்டியிருக்கிறார்கள். பலூச்சி மொழிக்கும் 1969இல் ஒரு பாடநெறி செய்தார். நவீன உருதுக் கவிதைகளை மாணவருக்காகத் தொகுத்தார். 1972இல் மினசோட்டாவுக்கு வந்தார். அங்கேதான் ஒரு மாணவர் மூலம் இந்தப் புதிய விளையாட்டு அவருக்கு அறிமுகமானது. முப்பது ஆண்டுகளாகப் பெட்டிக்குள் வைத்திருந்த தமது கற்பனை உலகத்துக்கு ஒரு மேடை கிடைத்துவிட்டது என்று அவர் கண்டுகொண்டார்.

அந்த உலகத்தின் பெயர் டெக்குமெல். அதன் கதை இதுதான். இன்றைக்குப் பல்லாயிரம் ஆண்டுகளின் பின், விண்மீன்களுக்கிடையே பயணம் செய்யும் மனிதர்கள் ஒரு கிரகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அதைத் தமக்கேற்றவாறு மாற்றியமைக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பூர்விக இனங்களை ஒதுக்கிடங்களில் அடைத்துவிடுகிறார்கள். பிறகு ஒரு பிரளயம். கிரகம் விண்மீன்களிலிருந்து துண்டிக்கப்பட்டு, இரவு வானம் வெறுமையாகிறது. உலோகம் அரிதான பூமி அது. ஆகவே இயந்திரங்கள் பழுதாக, அறிவியல் மந்திரமாகத் திரிகிறது. யுகங்கள் கழிந்தபின் அங்கே ஐந்து பேரரசுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று ட்சோல்யானு. அதன் மொழி ட்சோல்யானி.

பூர்விக இனங்களை ஒதுக்கிடங்களில் அடைத்த கதையை எழுதியவர், அப்படி ஒதுக்கப்பட்ட ஒரு மக்களின் மொழியைக் கேட்டெழுதியவர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

ட்சோல்யானி மொழிக்கு இலக்கணமும் சொற்றொகுதியும் 1977ஆம் ஆண்டளவில் இரண்டு பகுதிகளாக வெளியாயின. பாத்திரமேற்று ஆடும் ஒரு விளையாட்டின் அங்கமாக வெளியிடப்பட்ட முதலாவது ஆக்க மொழி இதுவே என்பர். அதன் எழுத்து அரபு, உருது போல வலமிருந்து இடமாக ஓடும். சொல்லின் முதலில் வரும்போது எழுத்துக்கு ஒரு வடிவம், இடையில் ஒரு வடிவம், இறுதியில் ஒரு வடிவம். ஒலிகளிலே ‘ஹ்ல’, ‘ட்ல’ என இரண்டு உண்டு. நாவின் நுனியை நாம் ‘ல’ சொல்லும் இடத்தில் வைத்து, குரல் எழுப்பாமல் இருபுறமும் காற்றை விட்டுப் பாருங்கள். ஏறத்தாழ அந்த ஒலி கிடைக்கும். மெக்சிக்கோவின் அஸ்டெக் மக்கள் பேசிய நவாத்தல் மொழியிலிருந்து பெற்ற சாயல் இது. பேரரசின் அரச குலத்துக்கு ‘ட்லக்கோட்டானி’ என்று பெயர். நவாத்தல் மொழியில் அரசனைக் குறிக்கும் சொல் ‘ட்லட்டோவானி’. உறவு தெளிவாகவே தெரிகிறது.

‘சக்பே’ என்ற சொல்லையும் பாருங்கள். ட்சோல்யானுவில் நகரங்களை இணைக்கும் பெரும் மதில்வீதிகளின் பெயர் அது. அந்த வீதி மூன்று அடுக்குகளாக இருக்கும். மேலடுக்கில் பிரபுக்கள் போவார்கள். கீழடுக்கில் சாதாரண சனங்கள் போவார்கள். இச்சொல் கற்பனையன்று. மெக்சிக்கோவின் யுகடான் பகுதியில் மாயா மக்கள் காட்டுக்கூடாக உயர்த்திக் கட்டி, வெண்சாந்து பூசிய வீதிகளுக்கு இட்ட பெயரே ‘சக்பே’. ‘வெண்பாதை’ என்பது பொருள். சொல்லை அப்படியே எடுத்த பார்க்கர், அதன்மேல் தமது உலகத்தின் ஏற்றத்தாழ்வுகளை மூன்று தட்டுகளாகக் கட்டிவிட்டார்.

ஏற்றத்தாழ்வு வீதியில் மட்டுமன்று, பேச்சிலும் இருந்தது. ஆங்கிலத்தில் அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். உருதுவில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்று மூன்று படிகள். நமக்கு நீ, நீர், நீங்கள் என்று இருக்கின்றன. ட்சோல்யானியிலோ இந்தப் படிகள் பல மடங்கு பெருகின. எதிரில் நிற்பவரின் குலம் என்ன, பதவி என்ன, அவர் முன் பேசுபவர் யார் என்பதைப் பொறுத்து முன்னிலைச் சொல் மாறும். தவறான சொல்லால் ஒருவரை விளித்துவிட்டால் அது அவமதிப்பு. கடும் அவமதிப்புக்கு ‘ஷம்ட்லா’ என்ற மானநட்டப் பணம் கட்ட நேரும், அல்லது வாளெடுக்க நேரும். இவ்வாறு, மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த அமெரிக்க இளைஞர்கள், வாயைத் திறப்பதற்கு முன் தாம் யாருக்கு முன்னால் நிற்கிறோம் என்று யோசிக்கப் பழகினார்கள். மொழி சமூகத்தின் கண்ணாடி என்று நாம் மேடைகளிற் சொல்வதை அந்த விளையாட்டு அவர்களுக்குச் செய்து காட்டியது.

ட்சோல்யானி தனியாகவும் நிற்கவில்லை. அயல் பேரரசுகளுக்கு அவரவர் மொழிகள். இவற்றுக்கெல்லாம் பின்னால் எங்ஸ்வன்யாலி என்ற பழைய செம்மொழி. பூசகரும் புலவரும் அதைக் கற்பார்கள், வீட்டில் எவரும் பேசமாட்டார்கள். சூனியக்காரருக்கு ‘சுனூஸ்’ என்று ஒரு மொழி. வேற்றுப் பரிமாணங்களில் வாழும் பூதங்களோடு பேச அது உதவுமாம். ஆகவே ஆறு பரிமாணங்களில் நகர்வதைச் சொல்லும் சொற்களும் அதில் உண்டு! இந்த மொழிகளை அடுக்கிப் பார்க்கும்போது ஒரு நாட்டின் வரலாறு போலவே தெரிகிறது. அரச மொழி, அயல் மொழி, செத்தும் சாகாத புலமை மொழி, மறைவில் வழங்கும் மொழி. டன்ஜன்ஸ் விளையாட்டின் ‘பொதுமொழி’ வெறும் வசதி. பார்க்கரின் மொழிகளோ ஒரு காலத்தையும் நிலத்தையும் தம்மோடு கொண்டுவந்தன.

இதற்கு இணையான இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படங்களில் வரும் கிளிங்கன் மொழியைச் சிலர் அறிந்திருப்பீர்கள். 1984இல் வெளியான படத்துக்காக அதனை ஆக்கியவர் மார்க் ஒக்ராண்ட். அவரும் பேர்க்லியில் படித்தவர். அதே மேரி ஹாஸ் அம்மையாரின் மேற்பார்வையில், 1977இல், முட்சுன் என்ற கலிபோர்னியப் பூர்விக மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். முட்சுன் மொழியை இறுதியாகப் பேசிய மூதாட்டி 1930இல் இறந்துபோனார். ஆக, இருபதாம் நூற்றாண்டில் பெயர்பெற்ற இரண்டு கற்பனை மொழிகளை ஆக்கியவர்கள், மரணப் படுக்கையில் கிடந்த உண்மை மொழிகளின் பக்கத்தில் இருந்து தொழில் பழகியவர்கள். ஒரு மொழி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் கற்றது, அது இடிந்து விழும் வேளையில்.

1986இல் கிளமத் மக்களுக்கு இழந்த அங்கீகாரம் மீண்டும் கிடைத்தது. ஆனால் மொழி காத்திருக்கவில்லை. கிளமத் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2003இல் காலமானார். அக்காலத்தில் ட்சோல்யானி மொழிக்கோ ஆர்வலர்கள் இருந்தார்கள். அதன் எழுத்தைப் பயின்றார்கள், சொற்பட்டியல்களை விரித்தார்கள், பாத்திரங்களுக்குப் பெயரிட்டார்கள். பேசுவோர் இருந்த மொழிக்குப் பேசுவோர் இல்லாமற் போயினர். பேசுவோர் ஒருபோதும் இல்லாத மொழிக்கு மாணவர் கிடைத்தனர்.

பார்க்கர் 2012 மார்ச் மாதத்தில் தமது 82ஆம் வயதில் இறந்தார். அவரது மேசையில் ஆண்டுக்கணக்காக அமர்ந்தவர்கள் அவரை அன்போடு நினைவுகூர்ந்தார்கள். ஐரோப்பியக் கோட்டைகளும் பொன்முடி வீரர்களும் நிறைந்திருந்த இத்தகைய விளையாட்டுகளில், மாயாவையும் மொகலாயரையும் எகிப்தையும் நினைவூட்டும் ஓர் உலகத்தைப் படைத்தவர் என்று விமர்சகர்கள் அவரைப் பாராட்டினார்கள். பிற மக்களின் மொழிகளைக் கற்பதிலேயே வாழ்நாளைக் கழித்த அறிஞர் அல்லவா?

பத்து ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச் மாதத்தில், அவரது படைப்புகளைப் பாதுகாக்கும் டெக்குமெல் அறநிலையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ‘சேர்ப்பன்ட்ஸ் வோக்’ என்று 1991இல் ரண்டொல்ஃப் கல்வர்ஹோல் என்ற புனைபெயரில் வெளிவந்த ஒரு நாவலை எழுதியவர் பார்க்கர்தான் என்பதை அது ஒப்புக்கொண்டது. அந்த நாவல் நாஜிகளின் எஸ்.எஸ். படையினரின் வழிவந்தவர்களை நாயகர்களாக்கி, அவர்கள் அமெரிக்காவின் அதிகாரத்தைப் பிடிப்பதைக் கொண்டாடுவது. வெளியிட்டது வெள்ளையின வெறியைப் பரப்பிய ஒரு பதிப்பகம். அத்தோடு முடியவில்லை. நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த உண்மையை மறுப்பதற்கென்றே நடத்தப்பட்ட ஒரு சஞ்சிகையின் ஆலோசனைக் குழுவில், 1990 முதல் 2002 வரை அவரது பெயர் இருந்ததும் வெளிச்சத்துக்கு வந்தது.

இப்பொழுது ஸமென்ஹோஃபை நினைத்துக்கொள்ளுங்கள். மக்களிடையே பகை தணிய வேண்டும் என்று ஒரு மொழியை ஆக்கிய அந்தக் கண் வைத்தியர் 1917இல் இறந்துவிட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மகன் அடம் 1940இல் நாஜிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார். மகள்மார் சோபியா, லிடியா இருவரும் 1942இல் ட்ரெப்லின்கா கொலைமுகாமில் மாண்டனர். ஒரு மொழி ஆக்கியவரின் பிள்ளைகளுக்கு நேர்ந்த இந்த முடிவை மறுத்த சஞ்சிகையின் உள்ளே, இன்னொரு மொழி ஆக்கியவரின் பெயர் அச்சாகி இருந்தது.

இனி, தொடக்கத்தில் நான் சொன்ன கேள்விக்கு வருகிறேன். இன்னொரு மொழியைக் கற்றால் இன்னொரு மக்களை நேசிப்போம் என்று நாம் நம்புகிறோம். மொழிபெயர்ப்பை வரவேற்பதும் அயல் இலக்கியத்தைப் படிப்பதும் பிள்ளைகளை இருமொழி பயிலச் சொல்வதும் அந்த நம்பிக்கையில்தான். பார்க்கர் உருதுவும் பலூச்சியும் கிளமத்தும் கற்றார், கற்பித்தார். அவருக்குத் தெரிந்த அளவு மொழிகள் நம்மில் யாருக்குத் தெரியும்? அப்படியிருந்தும், ஓர் இனத்தை அழித்தவர்களை நாயகர்களாக வைத்து அவரால் எழுத முடிந்தது. அப்படியானால் நமது நம்பிக்கை பொய்யா?

பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் காண வேண்டும் என்று நினைக்கிறேன். மொழியை அறிவது ஒன்று, பேசுகிறவருக்குச் செவிகொடுப்பது இன்னொன்று. ஒலியனையும் உருபனையும் பிரித்தெடுத்து அட்டவணை போடுவதற்குக் கூர்மையான காது போதும். எதிரில் இருக்கும் மூதாட்டி ‘நாங்கள் அப்படிச் சொல்வதில்லை’ என்று சொல்லும்போது, அந்த மறுப்புக்கு முன் தலைவணங்கக் காது மட்டும் போதாது. கற்பனை மொழியில் அந்த மூதாட்டி இல்லை. அங்கே ஆக்கியவரே இலக்கணகாரர், அவரே அகராதி, அவரே அரசன், அவரே தெய்வம். அவரைத் திருத்த எவரும் இல்லை. கிளமத் முதியவர்களிடம் மாணவனாக இருந்த ஒருவர், தமது சொந்த உலகத்தில் கேள்விக்கு அப்பாற்பட்டவராகவே வாழலாம். அந்த வசதிதான் அவரைக் கெடுத்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பேசுவோர் இல்லாத ஒரு மொழி எதைக் கற்றுத்தர முடியாது என்பதை அவரது வாழ்க்கை காட்டுகிறது.

சரி, ட்சோல்யானியை என்ன செய்வது? அந்த உலகத்தை நேசித்து வளர்ந்த ஆட்டக்காரர்களிடையே 2022க்குப் பின் இது பெரும் மனவேதனையாகிவிட்டது. புத்தகங்களை ஒதுக்கிவைத்தவர்களும் உண்டு. எழுதியவர் வேறு, நாம் ஆடியது வேறு என்றவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தாரையும் நான் குறைகூற மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லலாம். அந்த மொழியில் இருந்த அழகுகளைக் கணக்கெடுத்துப் பாருங்கள். வெண்பாதை மாயா மக்களுடையது. நாவோரத்தில் காற்றை விடும் அந்த ஒலி நவாத்தல் பேசுவோருடையது. வலமிருந்து ஓடும் எழுத்து அரபுக்கும் உருதுவுக்கும் உரியது. நவாத்தலும் யுகடானின் மாயா மொழியும் இன்றைக்கும் இலட்சக்கணக்கானோரால் பேசப்படுகின்றன. கடன் கொடுத்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். கற்பனை மொழியின் அழகில் மயங்கிய ஒருவர், அதன் ஊற்றைத் தேடி அவர்களிடம் போகலாம்.

கிளமத் நூல்களின் நிலை இதனிலும் தெளிவானது. அங்கே இருப்பது பார்க்கரின் கற்பனையன்று. 1950களில் தம் நிலமும் பெயரும் பறிபோய்க்கொண்டிருந்த வேளையில், ஓர் இளைஞன் முன் அமர்ந்து, பொறுமையாக, தம் பாட்டன் பாட்டி சொன்ன கதைகளை மீண்டும் சொன்ன முதியவர்களின் குரல் அது. தாம் சொல்லாவிட்டால் இனிச் சொல்ல ஆளில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இன்று கிளமத் இனக்குழுவினர் தம் மொழியைத் திரும்பக் கற்பிக்கும் முயற்சியில் இருக்கிறார்கள். அவர்களுடைய குழந்தை ஒன்று அந்த அகராதியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து உச்சரிக்கும்போது, அட்டையில் இருக்கும் பெயர் யாருடையது என்பது பெரிதல்ல. சொல் சொன்னவருக்கு உரியது. எழுதிக்கொண்டவருக்கு உரியதன்று.